ஓசோன் தின்ற ரப்பர்

சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. எஞ்சின் ஒரு நொடி இரைகிறது, அடுத்த நொடி தொய்கிறது, அணைந்துவிடுமோ என்று பயம் காட்டுகிறது. பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பைபாஸில் எண்பதில் போகும்போது குறை சொல்ல ஏதுமில்லை. பட்டறைக்குப் போனால் முதலில் ஸ்பார்க் பிளக் மாறும், பிறகு ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் வண்டியானால் அதைக் கழற்றிக் கழுவுவார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியானால் ஏதாவது ஒரு சென்சார் மாறும். பில் ஏறும், நடுக்கம் அப்படியே இருக்கும். கடைசியில் கைப்பழக்கம் உள்ள ஒருவர் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் அழுந்தியதும் எஞ்சின் சீராகும். “இங்கதாங்க ஏர் இழுக்குது” என்பார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வேக்குவம் ஹோஸ். விலை சில பத்து ரூபாய்.

நிற்கும்போது வரும் கோளாறு ஓடும்போது ஏன் மறைகிறது? அது விளங்கிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை நாம் காற்றைக் கொண்டுதான் ஆள்கிறோம். ஆக்ஸிலரேட்டர் மிதி, காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற வட்டத் தகட்டைத் திருப்புகிறது. எவ்வளவு காற்று நுழைகிறதோ அதற்கேற்ப பெட்ரோல் சேரும். காலை எடுத்தால் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்ளும். ஆனால் கீழே பிஸ்டன்கள் காற்றைக் கேட்டு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். உள்ளே காற்று அருகிப்போவதைக் கையே சொல்லும். த்ராட்டிலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நடப்பது அதுதான். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் இருப்பது 30, 35 மட்டும். வேக்குவம் மீட்டரை மாட்டினால் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குல பாதரசம் வரை, முள் ஆடாமல் காட்டும். அதே வண்டியை ஊட்டிக்கு ஓட்டிக்கொண்டுபோய் அளந்தால் ஆறேழு அங்குலம் குறைவாகக் காட்டும். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்திருக்கிறது, எஞ்சினில் பழுது தேட வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று வாங்குவதால், நிமிடத்துக்கு 450 முறை 796 மில்லிலிட்டர், அதாவது சுமார் 358 லிட்டர் இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்புவது மூன்றில் ஒரு பங்கு அழுத்தமுள்ள மெலிந்த காற்று. வெளிக்காற்றின் கணக்கில் அது நிமிடத்துக்கு 120 லிட்டர். ஹோஸ் ஒன்றில் 3 மில்லிமீட்டர் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே பாயும். எஞ்சினுக்குத் தேவையான காற்றில் பாதி, யாரும் கணக்கு வைக்காத வழியில் வந்துவிடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று போதும். அந்த விகிதம் இப்போது கெட்டுவிட்டது. மெலிந்துபோன கலவை சில முறை பற்றுகிறது, சில முறை பற்றாமல் போகிறது. நடுக்கத்தின் காரணம் அதுதான்.

அந்த ஓட்டையில் காற்று போகும் வேகம் சாதாரணமானதில்லை. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தின் பாதி அளவுக்குக் குறைந்துவிட்டால், மிகக் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் உள்ளே எவ்வளவு வெற்றிடம் கூடினாலும் பாய்ச்சல் கூடாது. பானட்டைத் திறந்ததும் காதில் விழும் அந்த ‘உஸ்’ஸுக்குப் பின்னால் இருப்பது ஒலிவேகத்தில் ஓடும் காற்று. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால் த்ராட்டில் திறந்து, மேனிஃபோல்டு அழுத்தம் வெளியழுத்தத்தை நெருங்கிவிடும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் ஓட்டை வழியே போக வேண்டிய அவசியம் காற்றுக்கு இல்லை. கொஞ்சம் போனாலும் பிரதான வழியில் வரும் வெள்ளத்தில் அது பொருட்டில்லை. பைபாஸில் கோளாறு மறைவது இதனால்.

கம்ப்யூட்டர் வைத்த வண்டியிலும் கதை இதுவே, ஏமாறும் ஆள்தான் வேறு. வாசலில் நின்று காற்றை எண்ணும் சென்சார் உள்ள வண்டியில், ஓட்டை வழியாக நுழையும் காற்று எண்ணிக்கையில் வராது. சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் மட்டும் ‘எரியாத ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது’ என்று புகார் செய்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, எல்லையைத் தொட்டதும் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பி0171 என்ற குறியீட்டை எழுதி வைக்கும். கலவை மெலிவு என்பதைத் தவிர அதில் வேறு தகவல் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு; சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற வேலை. ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் என்ற எண்ணை ஐடிலிங்கில் ஒருமுறை, 2,500 சுற்றில் ஒருமுறை பார்த்தாலே போதும். முதலில் எகிறியிருந்து பிறகு இயல்புக்கு இறங்கினால் ஹோஸ்களைத் தேடலாம். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் வகை வண்டிகள் இன்னொரு விதமாக ஏமாறும்: அழுத்தம் கூடியதைப் பார்த்து ‘ஓட்டுநர் மிதிக்கிறார்’ என்று நினைத்துப் பெட்ரோலையும் சேர்த்து அனுப்பும். நிற்கும் வண்டி தானாக இரையும்.

இத்தனை தொல்லைக்கு அந்தக் குழாய்கள் எதற்கு என்று கேட்கலாம். மேனிஃபோல்டு வெற்றிடம் செலவில்லாமல் கிடைக்கும் சக்தி. பிரேக் பூஸ்டரைப் பாருங்கள். 9 அங்குல விட்டமுள்ள ரப்பர் தகட்டின் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம் அழுத்த வேறுபாடு என்றால், 250 கிலோ எடைக்குச் சமமான விசை உங்கள் காலோடு சேர்ந்து பிரேக்கை மிதிக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க கார்களில் மழைத் துடைப்பான்கூட வேக்குவத்தில்தான் ஓடியது. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெற்றிடம் குறைந்து துடைப்பான் தூங்கிவிடும். கண்ணாடி தெரிய வேண்டுமென்றால் காலை எடுக்க வேண்டும். மழையில் மலையேறியவர்கள் இந்த வடிவமைப்பாளரை எப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டீசல் எஞ்சினுக்கு அடைக்கும் த்ராட்டில் வழக்கமாகக் கிடையாது என்பதால் வெற்றிடமும் கிடையாது. அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் வைப்பார்கள்; பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். 1976-ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் கார்களில், சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்துவதே வேக்குவம்தான். எங்கோ ஒரு குழாய் ஒழுகினால் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கதவுப் பூட்டுகளும் வேக்குவத்தில் இயங்கிய கார் அது. கதவுக்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தால் அதன் வினை எஞ்சினில் வந்து விடியும்.

ஆனால் பானட்டுக்குள் குழாய்கள் காடாக மண்டியதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அது லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது.

1943 ஜூலையில் அந்த நகரத்தை ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. போர்க்காலமானதால் எதிரி விஷவாயு வீசிவிட்டானோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். நகருக்குள் செயற்கை ரப்பருக்கான பியூட்டடையீன் தயாரித்த ஆலைமீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள், புகை நிற்கவில்லை. ஆண்டுகள் போயின. கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு உயிர்வேதியியலாளர், அந்தக் கருவிகளைக் கொண்டே நகரத்துக் காற்றைச் சோதிக்க இறங்கினார். கார் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். எண்ணெய் நிறுவனங்கள் அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஓசோனை அவர்கள் அளந்த விதம். லாஸ் ஏஞ்சலஸில் டயர்களின் பக்கச்சுவர் வேறு ஊர்களைவிட விரைவில் வெடித்தது ஏற்கெனவே கவனத்துக்கு வந்திருந்தது. ஆகவே ரப்பர் துண்டுகளை வளைத்துக் கட்டி, காற்றுப் படும்படி வைத்து, முதல் விரிசல் தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். சீக்கிரம் வெடித்தால் ஓசோன் அதிகம். 1950களின் தொடக்கத்தில் ஒரு பெருநகரத்தின் காற்று மாசை ரப்பர் துண்டைக் கொண்டு அளந்திருக்கிறார்கள்!

துண்டை ஏன் வளைத்துக் கட்ட வேண்டும்? இயற்கை ரப்பர் நீண்ட கார்பன் சங்கிலிகளால் ஆனது. ஐந்து கார்பனுக்கு ஒரு இரட்டைப் பிணைப்பு. ஓசோன் தேடி வருவது அந்த இரட்டைப் பிணைப்பை. சேர்ந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். ரப்பர் தளர்வாக இருக்கும்போது மேல்தோலில் சில சங்கிலிகள் அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இருப்பதற்கும் ஆபத்து இல்லை. சில சதவீதம் இழுபட்டிருந்தாலோ அறுந்த முனைகள் விலகிக்கொள்ளும். புதிய ரப்பர் வெளியே தெரியும், ஓசோன் அதையும் வெட்டும். விரிசல் எப்போதும் இழுவைக்குக் குறுக்காகத்தான் ஓடும். இதற்குப் பெரிய அளவு ஓசோன் வேண்டியதில்லை. காற்றில் பத்துக் கோடியில் ஐந்து பங்கு இருந்தாலே போதும்.

இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு பழைய வேக்குவம் ஹோஸை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். நிப்பிள் என்ற குழாய்முனையில் செருகியிருந்த கடைசி ஒரு சென்டிமீட்டரில், விளிம்பிலிருந்து நீளவாக்கில் கோடுகள் ஓடியிருக்கும். நிப்பிள்மேல் ஏறிய இடத்தில் ரப்பர் சுற்றளவில் விரிந்திருக்கிறது. அந்த இழுவைக்குக் குறுக்கே என்றால் நீளவாக்குதான். வளைவுகளில் பார்த்தால் வெளிப்புறத்தில் மட்டும், இந்தமுறை குறுக்கு வாக்கில், மெல்லிய கீறல்கள். கட்டைவிரலால் மடக்கினால் வாய் பிளக்கும். கீறல் ஓடும் திசையை வைத்தே ரப்பர் எந்தப் பக்கம் இழுபட்டிருந்தது என்று சொல்லிவிடலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் கதைக்குத் திரும்புவோம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க்கேஸில் சேரும். முன்பெல்லாம் ஒரு குழாய் வைத்து அதை அப்படியே சாலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கார் வெளிவிடும் ஹைட்ரோகார்பனில், அதாவது எரியாத பெட்ரோல் ஆவியில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகவே போனது. 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் அந்த வாயுவை ஒரு வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிட்டார்கள். வெற்றிடம் அதை உள்ளே வாங்கி எரித்துவிடும். பிசிவி என்று இன்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த அந்த வால்வுதான் கார் மாசைக் குறைக்க வந்த முதல் கருவி, அதோடு வந்தது ஒரு ஹோஸ். 1970-ல் டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கக் கரி டப்பா வந்தது. இன்னும் சில ஹோஸ்கள். 1973 வாக்கில் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு வந்தது, மேலும் சில. எலெக்ட்ரானிக்ஸ் கைகொடுக்காத காலம் அது. எஞ்சின் சூடாகிவிட்டதா, சுமை எவ்வளவு, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற முடிவெல்லாம் வேக்குவத்தாலும் சூட்டுக்குத் திறக்கும் வால்வுகளாலும் எடுக்கப்பட்டன. குழாய்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற படத்தைப் பானட்டுக்கு அடியில் ஒட்டியே விற்றார்கள். 1990களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில், இரண்டு டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கத் தேவைப்பட்ட குழாய்க் கூட்டத்துக்கு ரசிகர்களே ‘எலிக்கூடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆக, ஓசோனைக் குறைக்கவென்று வந்த குழாய்கள், ஓசோனுக்கே இரையாயின. மெலிந்த கலவையில் பற்றாமல்போன சிலிண்டர் பெட்ரோலை அப்படியே வெளியே துப்பும்; வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஓசோனை மட்டும் குற்றம் சொல்வதும் முறையில்லை. பானட்டுக்குள் நூறு டிகிரியைத் தொடும் சூடு, ரப்பரை மெல்ல மெல்ல விறைக்க வைக்கிறது. பத்து டிகிரி கூடினால் முதுமை இரண்டு மடங்கு வேகத்தில் வரும் என்பது தோராய விதி. சைலன்ஸர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் ஹோஸ் முதலில் சாவது இதனால். ஆயில் ஆவி வேறுவிதமாகக் கெடுக்கும். ஈபிடிஎம் என்ற ரப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோன் அதைத் தொடாது. ஆனால் ஆயில் பட்டால் ஊதிக் கொழகொழத்துவிடும். நைட்ரைல் ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஓசோனைத் தாங்காது. சிலிகான் 200 டிகிரி வரை அசராது, ஓசோனும் அதற்குத் தூசு. பெட்ரோல் ஆவியும் ஆயிலும்தான் ஆகாது. நீலமும் சிவப்புமாக அழகாக இருக்கிறதே என்று பிசிவி வழியிலும் சாதாரண சிலிகானைச் செருகுவது காசைக் கரியாக்குவது. எல்லாவற்றுக்கும் ஆகிய ஒரே ரப்பர் இல்லாததால்தான் நல்ல ஹோஸ்களை உள்ளே ஒரு வகை, வெளியே ஒரு வகை என்று அடுக்கிச் செய்கிறார்கள். ஓசோனைத் தடுக்க ரப்பரில் 6பிபிடி என்ற வேதிப்பொருளைக் கலப்பதும் உண்டு. டயரிலிருந்து தேய்ந்து ஓடைக்குப் போன அதே பொருள், ஓசோனோடு சேர்ந்து உருமாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுகொண்டிருந்தது 2020-ல் தெரியவந்தது.

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம். கசிவைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரை ஹோஸ்கள்மேல் அடித்துப் பார்ப்பது பட்டறை வழக்கம். ஓட்டை வழியாக அது உள்ளே போனால் எஞ்சின் சத்தம் மாறும். பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்ஸர் இருக்க, எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு உடன்பாடில்லை. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தாலும் ‘உஸ்’ சத்தம் ஒரு கணம் அடங்கும். ஒரு மீட்டர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை நகர்த்திக்கொண்டே போனாலும் இடம் தெரிந்துவிடும். பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால் தொங்கும் துணி எதுவும் அருகில் வரக் கூடாது. வசதியுள்ள இடங்களில் மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றுவார்கள். அது வெளிவரும் இடமே கசிவு.

கழற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதை மாற்றி மாட்டிய பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். பத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படம் வரைந்து பார்க்கிற துணிச்சல் வேண்டாம். விறைத்த ரப்பரை இழுத்தால் ரப்பர் வராது, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நிப்பிள் முறிந்து கையோடு வரும். அதுவும் வயதான பிளாஸ்டிக்தான். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நல்லது, கீறல் நிப்பிளில் விழாமல். நிப்பிளில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் துணுக்கைத் துடைக்காவிட்டால் புது ஹோஸும் அங்கேயே கசியும்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் பழைய துண்டைக் காட்டும்போது நிப்பிளில் விரிந்துபோன முனையை வைத்து அளந்தால் ஒரு சுற்றுப் பெரிய ஹோஸ் கிடைக்கும். நடுவில் வெட்டி உள்விட்டத்தைப் பார்க்க வேண்டும். சுவர் மெல்லியதாக இருந்தால் சூட்டில் இளகி, வெற்றிடத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் முழு ஹோஸ், உள்ளே வழியில்லை. மீன்தொட்டி டியூபைச் செருகி ஓட்டியிருக்கும் வண்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓரிரு நாள் சூட்டில் அது மடங்கி மூடிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் மட்டும் சமரசத்துக்கு அப்பாற்பட்டது. அதற்கென்று வந்த ஹோஸையே, ஒருவழி வால்வு சரியான திசையில் இருக்கும்படி போட வேண்டும். மாட்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். காலை அதன்மேல் வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் வேக்குவம் வந்து சேர்ந்துவிட்டது.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்னைவிட மோசமாக ஓடுவதும் உண்டு. கசிவு இருந்த காலத்தில் யாரோ ஒருவர் அதை ஈடுகட்டக் கார்புரேட்டரின் ஐடிலிங் ஸ்க்ரூவையும் மிக்ஸர் ஸ்க்ரூவையும் திருகி வைத்திருப்பார். கசிவு நின்றதும் அந்தத் திருகல் வெளியே வரும்: கலவை கெட்டியாகி, சைலன்ஸரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும். இரண்டு ஸ்க்ரூவையும் புதிதாக வைத்தாக வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதே திருகலைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனரால் அதை அழிக்கலாம். அவசரமில்லை என்றால் வழக்கமான ஓட்டத்தில் சில நாள் ஓட்டினாலே அது தானாகத் திருத்திக்கொள்ளும்.